சீர்த்தட்டில் வந்த சாம்பிள் செருப்பு

நாற்பது வருஷம் தோல் பதனிடுகிற ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் கை விட்டவன் நான். மயிர் கழன்று கூழாகத் தொங்கும் தோலைத் தோளில் தூக்கிப் போட்டிருக்கிறேன். அதே கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து சோறும் தின்றிருக்கிறேன். அந்த நாற்றம் ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை. போன தை மாதம், பன்னீரும் ஊதுவத்தியும் மணத்த ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குக் குமட்டியது. அதைச் சொல்வதற்கு முன்னால் மேகலாவைச் சொல்ல வேண்டும்.

மேகலா என் தம்பி மகன் நவநீதனுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் சங்கீதா நாட்றம்பள்ளிப் பெண். காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தபோது மகள் கெங்காவுக்கு ஐந்து வயது. கெங்கையம்மன் திருவிழா அன்று பிறந்ததால் அந்தப் பெயர். மறு வருஷமே, திமிரிப் பக்கத்தில் நிலக்கடலை பயிரிட்டுப் பிழைக்கிற சுப்பராயன் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். நானும் போனேன். "புள்ளய பாத்துக்க ஒரு ஆள் வேணும், அவ்ளோதான்" என்று பெண் காதில் விழும்படியே பேசிக்கொண்டிருந்தோம். அவள் காப்பித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து, "புள்ள இன்னா சாப்புடும்?" என்று மட்டும் கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அப்பனுக்கும் தெரியவில்லை.

ஆம்பூர் வந்த ஆறாம் மாதம் ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். ஃபைனல் செக்கிங். வெளிநாட்டுக்குப் போகிற ஜோடியைப் பெட்டியில் போடுமுன் கடைசியாகக் கையில் எடுத்துப் பார்க்கிற வேலை. கண்ணை விடக் கட்டைவிரல்தான் அங்கே முக்கியம். பாலிஷுக்கு அடியில் ஒளிந்திருக்கும் தழும்பு, சுருக்கம், பசை விட்ட இடம் எல்லாம் கட்டைவிரலுக்குத் தெரியும். பழுது கண்ட இடத்தில் நகத்தளவு சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவார்கள். அம்புக்குறி போட்டது. கம்பெனியில் அதை ‘ஆரோ’ என்பார்கள். ஆரோ ஒட்டின ஜோடி திரும்பிப் போகும். மேகலா ஒட்டினால் சூப்பர்வைசர் வந்து பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை. அவ்வளவு பேர் அவளுக்கு.

கெங்கா குரங்கு மாதிரி. கதவு நிலையில் தொங்குவாள், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நடப்பாள். மற்ற வீடாயிருந்தால் முதுகில் ரெண்டு வைத்திருப்பார்கள். மேகலா விசாரித்துக்கொண்டு போய், காட்பாடியில் ஜிம்னாஸ்டிக் சொல்லித்தருகிற டேனியல் மாஸ்டரிடம் சேர்த்தாள். அதற்காகக் காலை ஷிப்டு கேட்டு வாங்கினாள். ஷிப்டு முடிந்ததும் மூன்று மணி ரயிலில் பிள்ளையோடு காட்பாடி. எட்டு மணிக்குத் திரும்புதல். ஐந்து வருஷம் இப்படி. பிள்ளை பள்ளிக்கூடத்தில் தூங்கியதை ரயிலில் படித்தாள் என்று மேகலாவே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

சொந்தக்காரர்கள் சொன்னதோ வேறு. "வயசுக்கு வரப்போற பொண்ணு, கால விரிச்சிக்கினு குதிக்கிறா. பெத்தவளா இருந்தா இப்படி உடுவாளா?" சொன்னவள் மோகனா. சங்கீதாவின் அண்ணன் வசந்தின் பெண்டாட்டி. வசந்தும் ஷூ கம்பெனிதான், வேறு கம்பெனி, சாம்பிள் ரூம். வாங்க வருகிற வெளிநாட்டு பையருக்குக் காட்டுவதற்கு மட்டும் ஜோடி செய்கிற இடம். சங்கீதா செத்த பிறகு தங்கை மகளைப் பார்க்க அவன் எத்தனை முறை வந்தான் என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன், மூன்று முறை. கெங்கா மாவட்டத்தில் முதலாவதாக வந்து படம் பேப்பரில் வந்த வாரம் நாலாவது முறை வந்தான். "ரத்தம் யாரு ரத்தம்!" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

மாவட்டம் முடிந்தது. அடுத்தது மண்டலம், பிறகு மாநிலம். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. சித்திரையில் சென்னையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள். எடுத்துக்கொண்டால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. கெங்காவின் வயதுக்கு அதுதான் கடைசி வருஷம். மேகலாவின் ஐந்து வருஷ ரயில் அந்த ஒரு நாளைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் மண்டலப் போட்டி. நாலு விரல் அகலக் கட்டைமேல் ஆடிவிட்டுக் கடைசியில் சுழன்று கீழே குதிக்க வேண்டும். குதித்தாள். வலது கால் மெத்தையின் ஓரத்தில் மடங்கியது. கணுக்காலில் நரம்பு மாதிரி ஒரு நார் இருக்கிறதாம், அது பாதி கிழிந்துவிட்டது.

சொந்தம் எல்லாம் வீட்டுக்கு வந்தது. பிள்ளை காலை நீட்டிப் படுத்திருந்தாள். வந்தவர்கள் வீக்கத்தை அமுக்கிப் பார்த்து, ஃபோனில் படம் பிடித்து, டீ குடித்தார்கள். எண்ணெய்க்கட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றான் வசந்த். இதோடு நிறுத்து என்றாள் மோகனா. நவநீதன் எல்லாரிடமும் "ஆமா, ஆமா" என்றான். அவன் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் இரண்டு பேருக்கும் தலையாட்டுவான்.

மேகலா டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் பிள்ளையை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே பயிற்சி சொல்லித்தருகிற மெர்சி என்ற பெண், ஆறு வாரம் கட்டு, பிறகு தினமும் மூன்று வேளைப் பயிற்சி என்றாள். "சித்திரைக்குள்ள சரியாவுமா?" என்று மேகலா கேட்டாளாம். "அவசரப்படாம இருந்தா ஆவும். அவசரப்பட்டா ஆவாது."

கட்டுப் பிரித்த பிறகு அந்த வீட்டில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். தரையில் துண்டை விரித்துக் கால் விரலாலேயே சுருட்டி இழுக்க வேண்டும். தலையணைமேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். காலைத் தூக்கிப் பெருவிரலால் காற்றில் ஏ பி சி டி எழுத வேண்டும். மேகலாவுக்கு இங்கிலீஷ் எழுத்து பிடிக்கவில்லை.

"அதுல நேர்கோடு ஜாஸ்தி. நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி. கணு நல்லா திரும்பும். அ-வுல ஆரம்பி."

"சித்தி, அ-வே இவ்ளோ வலிக்குது. இன்னும் ஔ இருக்கு."

"ஔ ஞாயித்துக்கெழம எழுதலாம்."

மெர்சியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, அடுத்த நோயாளிக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாளாம்.

கம்பெனியிலிருந்து ஒரு ரோல் ஆரோ கேட்டு வாங்கிவந்திருந்தாள் மேகலா. தினமும் காலையில் கெங்கா தன் கணுக்காலை அமுக்கிப் பார்த்து, வலிக்கிற இடத்தில் ஒன்று ஒட்ட வேண்டும். முதல் வாரம் ஏழெட்டு இருந்தன. அம்மை போட்ட மாதிரி. கார்த்திகைக் கடைசியில் மூன்று. மார்கழியில் ஒன்று. பொங்கலுக்கு மறுநாள் ஒன்றும் இல்லை. மேகலா நம்பாமல் தன் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்தினாள். "பாஸ்" என்றாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

அதற்குள் கார்த்திகையில் கெங்கா வயதுக்கு வந்திருந்தாள். தை பிறந்ததும் மஞ்சள் நீராட்டு விழா வைத்தே ஆகவேண்டும் என்று வசந்த் வந்து நின்றான். தாய்மாமன் உரிமையாம். "சித்திரை கழியட்டும்ணா, வைகாசில வெச்சிக்கலாம்" என்றாள் மேகலா. நவநீதன் அவளுக்கும் ஆமா, மச்சானுக்கும் ஆமா. மண்டபம் பிடித்தாயிற்று.

மண்டப வாசலில் வீட்டு உயரத்துக்கு ஒரு பேனர். நடுவில் கெங்கா பல்டி அடிக்கிற படம். சுற்றிலும் இருபத்திரண்டு முகம். எண்ணினேன். வசந்த் கூலிங்கிளாஸோடு, மோகனா, அவர்கள் பிள்ளைகள், நவநீதன், செத்துப்போன சங்கீதா மாலையோடு, ஓரத்தில் நான். படம் கேட்டு வாங்கினார்கள், கொடுத்தேன். மேகலா அந்தப் பேனரில் இல்லை. மூன்று மணி ரயிலில் ஐந்து வருஷம் போனவளுக்கு இருபத்து மூன்றாவது இடம்கூட இல்லை. பார்த்தேன், உள்ளே போய் உட்கார்ந்தேன்.

செண்டை மேளம், புகை விடுகிற மெஷின் என்று எல்லாம் வந்தது. ஐம்பத்தோரு சீர்த்தட்டு வரிசையாக வந்தது. என் பெரிய அக்காவுக்கு மாமன் வைத்தது ஐந்து தட்டு. என் தங்கைக்கு ஏழு. என் சித்தப்பா மகளுக்கு அடைமழையில் வண்டி வராமல், மாமன் ஒற்றைத் தட்டைத் தலையில் வைத்துப் பாலாற்றைக் கடந்து வந்தார். அந்தத் தட்டுகளில் இருந்தது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்றிலும் செருப்பு இல்லை. இங்கே கடைசித் தட்டில், வெல்வெட் துணிமேல், மஞ்சளுக்கும் தேங்காய்க்கும் நடுவில், ஒரு ஜோடி செருப்பு. குச்சி மாதிரி ஹீல், நாலு அங்குலம். தோலில் வாழ்ந்த குடும்பம்தான் நாங்கள். ஆனாலும் பூவுக்குப் பக்கத்தில் செருப்பா? அங்கேதான் எனக்கு முதலில் குமட்டியது.

"இட்டாலி மாடல்!" என்று வசந்த் மைக்கிலேயே சொன்னான். "என் மருமவளுக்கு என் கையால போடறேன்!"

தட்டு மேடைக்கு வந்ததும் மேகலாவின் கை தானாக ஒரு செருப்பை எடுத்துத் திருப்பியது. அது அவள் வேலைப் பழக்கம். அடிப்பாகத்தில், பாத வளைவுக்குக் கீழே, துளை போட்டிருந்தது.

"அண்ணா, இது சாம்பிள்."

"அதுக்கு இன்னா? பையர் கைல புடிச்சிப் பாத்த பீசு."

"கைல புடிச்சிப் பாக்கத்தாண்ணா இது. நடக்கறதுக்கில்ல. ஹீலுக்கு ஒத்த ஆணிதான் அடிச்சிருப்பீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

வசந்துக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக அந்த ஆணியை அடிப்பவனே அவன். பார்த்தால் போதும் என்று செய்கிற செருப்பு அது. விற்கக்கூடாது, போடக்கூடாது என்பதற்காகத்தான் துளையே போடுகிறார்கள். தெரிந்தும் கொண்டுவந்தான். பார்க்கத்தானே மொத்த விழாவும்.

"ஃபைனல் செக்கிங்கெல்லாம் உன் கம்பெனியில வெச்சிக்கோம்மா" என்றான். கீழே சிரித்தார்கள்.

"அவ காலு இப்பதாண்ணா ஆறியிருக்கு. வெறுங்காலோட நிக்கட்டும்."

மோகனா குறுக்கே வந்தாள். "தாய்மாமன் போட வர்றதத் தடுக்கறா பாரு. பெத்தவ இருந்தா இந்தக் கதி வருமா இந்தப் புள்ளைக்கி?" அடுத்த நிமிஷம் பத்துப் பெண்கள் ‘உச்’ கொட்டினார்கள்.

மேகலா நவநீதனைப் பார்த்தாள். அவன் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

அந்தச் சபையில் நான்தான் மூத்தவன். சொன்னால் கேட்டிருப்பார்கள். நான் சொன்னது இதுதான்: "விசேஷம் நல்லபடியா முடியட்டும்மா."

செருப்பைப் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கெங்கா அதில் நின்றாள். யார் யாரோ ஏறி வந்து, தட்டு வைத்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி மாறி நின்றதை நான் பார்த்தேன். பிறகு வீடியோக்காரன் யோசனை சொன்னான். "பாப்பா, ஜிம்னாஸ்டிக்ல ஒரு போஸு. ஒரு கால மேல தூக்கு."

"என் மருமவ கால் தூக்கினா காது வரைக்கும் போவும்!" என்றான் வசந்த்.

கெங்கா நல்ல காலில் நின்று மற்றதைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் லைட்டு கம்மி பாப்பா. கால மாத்து." மேகலா மேடைப் படியில் ஏறுவதற்குள் பிள்ளை மாற்றிவிட்டாள். வலது காலில் நின்றாள். டக்கென்று ஒரு சத்தம். ஹீல் தனியாகப் போய் விழுந்தது. ஒற்றை ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. கெங்கா தட்டுகள்மேல் சாய்ந்தாள்.

அப்போது அங்கே யார் என்ன செய்தார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடியோக்காரன் நிறுத்தாமல் எடுத்தான். மோகனா ஓடிவந்து, "புடவ கிழிஞ்சிச்சா பாரு" என்றாள். வசந்த் ஹீலைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மேகலா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஐம்பத்தோரு தட்டையும் தாண்டி வெளியே போனாள். பந்தி நடந்தது. பிரியாணி. நான் இரண்டு முறை வாங்கித் தின்றேன். இன்றைக்கும் அந்த ருசி நாக்கில் வரும்போது துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் காலை கெங்காவின் கணுக்காலில் பதினொரு ஆரோ.

"கட்டு வேணாம். பயிற்சி மட்டும் மறுபடி மொதல்லேர்ந்து" என்று மெர்சி சொன்னாள். சித்திரைக்குப் பன்னிரண்டு வாரம்தான் இருந்தது. மேகலா வீட்டுக்கு வந்து துண்டை விரித்தாள். தலையணையைப் போட்டாள். "அ-வுல ஆரம்பி" என்றாள். கெங்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். மூன்றாம் நாள் மேகலா தானே தரையில் படுத்து, தன் காலைத் தூக்கி ஆடி ஆடி எழுத ஆரம்பித்தாள்.

"சித்தி, அது அ-வா? நண்டு மாதிரி இருக்கு."

"அப்ப நீ எழுதிக் காட்டு."

பங்குனிக் கடைசியில் ஆரோ ஒன்றுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. வெளிக்கணுவுக்குக் கீழே. போகவே இல்லை. சென்னைக்கு இன்னும் நாலு நாள். வசந்த் வந்து உட்கார்ந்தான், வெட்கமே இல்லாமல். "ஒரு ஊசி போட்டா வலி தெரியாது. உள்ள போய் ஒண்ணும் இல்லன்னு சொல்லட்டும். அவனுங்க இன்னா, ஸ்கேனா எடுக்கப்போறானுங்க?" நவநீதன் ஆமாம் போட்டான். டேனியல் மாஸ்டர் நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன். அவரும் ஃபோனில், "ஃபாரத்துல அடி எதுவும் இல்லன்னு போட்டுடுவோம்மா, எதுக்குப் பேஜாரு" என்றாராம்.

மேகலா சொன்ன பதிலை அவளே என்னிடம் சொன்னாள். "சார், பழுதுக்கு மேல பாலிஷ் போட்ட ஜோடிய இதுவரைக்கும் நான் பாஸ் பண்ணி அனுப்பினதில்ல. கால் அவளுது. அவ சொல்றதுதான்."

கெங்கா விடியற்காலை ரயிலில் சென்னைக்குப் போகும்போது, அரக்கோணம் தாண்டியதும், "சித்தி, ரோல் எடுத்தாந்தியா?" என்று கேட்டாளாம். ஒன்றைப் பிய்த்துத் தன் கணுக்காலில், அந்த இடத்தில், சரியாக ஒட்டிக்கொண்டாள்.

உள்ளே பரிசோதிக்கிற டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இது இன்னாம்மா, அம்பு?"

"அங்கதான் பழுது சார். மத்த எடமெல்லாம் பாஸ்."

அவர் சிரித்துக்கொண்டே அந்த இடத்தை அழுத்தினார். கெங்கா முகம் சுளித்தாள். என்ன நடந்தது என்று கேட்டார். சாம்பிள் செருப்புக் கதையை அவள் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குதிக்கிற எதையும் செய்ய வேண்டாம், கம்பியில் மட்டும் ஆடிக் காட்டு என்றார்கள். ஆடினாள். குதித்து இறங்காமல், கையை விட்டு மெதுவாக இறங்கினாள். பட்டியலில் பேர் வரவில்லை. ஆனால் ஆனியில் மறுபடி வா, கால் ஆறியிருந்தால் மீதியையும் பார்க்கிறோம் என்று தனியாக ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

"ஊசி போட்டிருந்தா இந்நேரம் உள்ள இருந்திருப்பா. மாத்தாந்தாய் புத்தி" என்று மோகனா தெருவில் நின்று சொன்னாள். ஊசி போட்டுக் குதித்திருந்தால் மீதி நாரும் அறுந்திருக்கும் என்று மெர்சி சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். இந்த முறையாவது சொன்னேன். மூன்று மாதம் தாமதம்.

ஆனியில் போனார்கள். ஆரோ இல்லாத கால். எல்லாம் செய்தாள், குதித்தும் காட்டினாள். எடுத்துக்கொண்டார்கள்.

விடுதிக்குக் கிளம்புகிற நாள் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பேனர் கட்டியிருந்தது. தை மாதத்துப் பேனரேதான். மஞ்சள் நீராட்டு என்பதை மட்டும் அழித்துவிட்டு, ‘தாய்மாமன் வளர்ப்பில் தலைநகர் செல்லும் வீராங்கனை’ என்று மேலே ஒட்டியிருந்தார்கள். அதே இருபத்திரண்டு முகம். என் பல்லிளிப்பும் அதில். வசந்த் அடியில் நின்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மேகலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேனரைப் பார்க்காமல் நடந்தாள். கெங்கா நின்றாள். பையிலிருந்து ரோலை எடுத்தாள். வசந்தின் கூலிங்கிளாஸில் ஒட்டுவாள் என்று நினைத்தேன். என் மூஞ்சியில் ஒட்டினாலும் நியாயம்தான். அவள் எட்டி, தன் படத்துக்குப் பக்கத்தில், அப்பனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒருவரும் இல்லாமல் வெறும் நீலமாக இருந்த இடத்தில் ஒன்றை ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அங்க இன்னாடா கண்ணு இருக்கு? ஒண்ணும் இல்லியே" என்றான் வசந்த்.

"அதான் மாமா பழுது" என்றாள். சித்தி கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினாள்.